“சொல்லியிருந்தா செஞ்சிருப்பேனே!”

கேள்வி: எனக்கு 36 வயது. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். மகனுக்கு 11, மகளுக்கு 8. எனக்குப் பதவி உயர்வு வந்திருக்கிறது; மாதத்தில் நான்கு நாள் வெளியூர் போக வேண்டும். “பிள்ளைகளை விட்டுட்டு அப்படி என்ன உத்தியோகம்?” என்று இரு வீட்டாரும் கேட்கிறார்கள். கணவர் நல்லவர், சொன்னால் எதையும் செய்வார். சொல்லிச் சொல்லியே நான் ஓய்ந்துபோகிறேன். மூன்று வாரத்தில் பதில் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

பதில்: வேண்டாம் என்று சொல்லாதீர்கள், சகோதரி. அந்த நான்கு நாள் பயணம் உங்களைத் தடுக்கவில்லை. மீதி நாளெல்லாம் வீடு மொத்தமும் உங்கள் தலைக்குள் ஓடுகிறதே, அதுதான் தடுக்கிறது.

உலக அளவில் ஊதியமில்லாத வீட்டு வேலைக்கும் பராமரிப்புக்கும் பெண்கள் சராசரியாக நாளுக்கு 4 மணி 25 நிமிடம் கொடுக்கிறார்கள், ஆண்கள் 1 மணி 23 நிமிடம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018இல் வெளியிட்ட கணக்கு இது. நினைவில் வைத்திருக்கும் வேலை இதுபோன்ற கணக்கில் பெரும்பாலும் விழுவதே இல்லை. சமூகவியலாளர் அலிசன் டாமிங்கர் 2019இல் அதை நான்காகப் பிரித்துக் காட்டினார்: தேவையை முன்கூட்டி உணர்வது, வழி தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கவனிப்பது. அவர் பேட்டி கண்ட தம்பதிகளில் முடிவைப் பெரும்பாலும் இருவரும் சேர்ந்தே எடுத்தார்கள். முதலாவதும் கடைசியும் பெரும்பாலும் பெண் தலையில் இருந்தன. “சொன்னால் செய்வார்” என்று நீங்கள் எழுதியதும் இதைத்தான்.

முதலில் ஏழு நாள் இருவரும் எழுதுங்கள். வேலை எது, யாருக்கு நினைவு வந்தது, யார் செய்தார், யார் சரிபார்த்தார். வாரக் கடைசியில், தூங்கப்போகும் நேரத்தில் அல்லாமல் பகலில், அந்தத் தாளை வைத்து அரைமணி நேரம் பேசுங்கள்.

பிறகு மூன்று வேலைகளை முழுசாகக் கைமாற்றுங்கள். பாதிப் பாதியாகப் பிரித்தால் மேற்பார்வை உங்களிடமே தங்கிவிடும். துணி என்றால் சோப்புத்தூள் தீர்வதைக் கவனிப்பது முதல் சீருடை மடித்து அலமாரியில் ஏறுவது வரை அவருடையது. கட்டணம் கட்டுவது, பல்பு மாற்றுவது போல நாளைக்குத் தள்ளிவைக்க முடிந்த வேலைகளாகவே அவர் எடுத்துக்கொண்டால் உங்கள் மாலைப்பொழுது மாறாது. காலைச் சமையல், பிள்ளைகளைக் கிளப்புவது, வீட்டுப்பாடம் போல நேரம் தவறக்கூடாத ஒன்றாவது அதில் இருக்கட்டும். பள்ளியிலும் மருத்துவரிடமும் முதல் தொடர்பு எண்ணாக அவருடையதைக் கொடுத்துவிடுங்கள். இந்த ஒரு மாற்றத்தில் எத்தனை அழைப்புகள் உங்களை விட்டுப் போகின்றன என்று பாருங்கள்!

குறைந்தபட்சத் தரத்தை முன்பே பேசிக்கொள்ளுங்கள்: “இரவு ஒன்பதுக்குள் சீருடை தயார்.” எப்படி மடிக்கிறார் என்பது அவர் பாடு. பெரும்பாலும் எல்லாம் சறுக்குவது இங்கேதான். இரண்டாம் வாரம் ஒருநாள் சீருடை ஈரமாக இருக்கும். நீங்கள் இஸ்திரிப் பெட்டியை எடுத்தால் வேலை அன்றே உங்களிடம் திரும்பிவிடும். எடுக்காதீர்கள். “அது எங்கே இருக்கு?” என்றால் ஒருமுறை காட்டுங்கள், அவ்வளவே.

மகனுக்கும் மகளுக்கும் ஒரே மாதிரி வேலை கொடுங்கள். தட்டு கழுவுவது மகளுக்கு, கடைக்குப் போவது மகனுக்கு என்று பிரித்தால் இதே கதை அடுத்த தலைமுறைக்கும் போகும்.

உறவினர் கேள்விக்கு நீங்கள் காரணம் அடுக்க வேண்டாம். ஒவ்வொரு காரணத்துக்கும் அவர்களிடம் ஒரு மறுப்பு இருக்கும். உங்கள் வீட்டாரிடம் நீங்கள், அவர் வீட்டாரிடம் அவர், ஒரே வாக்கியம்: “நாங்க ரெண்டு பேரும் பேசி முடிவெடுத்துட்டோம்.” அவர் வீட்டாருக்கு அவரே சொல்வது முக்கியம். நீங்கள் சொன்னால் அது மருமகளின் பிடிவாதம் ஆகிவிடும்.

பதவியை ஏற்பதாக இந்த வாரமே எழுதிக் கொடுங்கள். முதல் பயணத்துக்கு முன் இரண்டு நாள் வெளியே தங்கிப் பாருங்கள். பட்டியல் எழுதி ஒட்டிவிட்டுப் போகாதீர்கள்.