கூடுதல் காசு காற்றுக்குத்தான்

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறேன். போர்ஷே 911 ஜிடி3 ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாம் என்று பணம் சேர்த்தேன். நண்பர்களோ, "இன்னும் கொஞ்சம் போட்டு ஜிடி3 ஆர்எஸ் எடு. எடை குறைவு, ட்ராக்கில் பறக்கும்" என்கிறார்கள். அந்தக் கூடுதல் விலைக்குத் தகுமா?

பதில்: முதலில் அந்த நண்பர்களுக்கு போர்ஷேயின் எடைக் கணக்கைக் காட்டுங்கள். 992 என்ற தலைமுறையில் 2021-இல் வந்த ஜிடி3, தானாகக் கியர் மாற்றும் பிடிகே கியர்பாக்ஸோடு 1,435 கிலோ. 2022-இல் வந்த ஆர்எஸ் 1,450. குறைவு எங்கே இருக்கிறது? 15 கிலோ அதிகம்! கதவு, கூரை, முன்மூடி எல்லாவற்றையும் கார்பன் ஃபைபரில் செய்தும், பின்பக்க ராட்சத இறக்கையும் அகன்ற உடம்பும் மிச்சம் பிடித்ததைத் தின்றுவிட்டன. "இன்னும் கொஞ்சம்" என்பதும் நல்ல வேடிக்கை. அறிமுகமானபோது அமெரிக்க விலை ஜிடி3 1,61,100 டாலர், ஆர்எஸ் 2,23,800 டாலர். வித்தியாசம் 62,700. இன்ஜினில் கூடுதலாகக் கிடைப்பது வெறும் 15 பிஎஸ் (குதிரைத்திறன்).

அப்புறம் எதற்கு அவ்வளவு காசு? காற்றுக்கு. எதிர்க்காற்றை வைத்தே காரைத் தரையோடு அழுத்துவதுதான் ஆர்எஸ்ஸின் வித்தை. 200 கிமீ வேகத்தில் 409 கிலோ, 285 கிமீ வேகத்தில் 860 கிலோ அழுத்தம் என்கிறது போர்ஷே. இதற்காக முன்பக்கம் பெட்டி வைக்கும் இடத்தைக்கூட ரேடியேட்டருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் வேகம் பாதியானால் இந்த அழுத்தம் ஏறக்குறைய கால்வாசியாகிவிடும். நகரத்துக்குள் 50 கிமீ வேகத்தில் போனால் சுமார் 25 கிலோ, அதாவது ஓர் அரிசி மூட்டை.

ட்ராக்கில் வித்தியாசம் உண்மைதான், மறுக்கவில்லை. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் ரேஸ் ட்ராக்கின் 20.8 கிமீ சுற்றை ஜிடி3 6 நிமிடம் 59.9 விநாடியில் முடித்தது; ஆர்எஸ் 6 நிமிடம் 49.3 விநாடியில். ஆர்எஸ்ஸை ஓட்டியவர் ஜோர்க் பெர்க்மைஸ்டர், ரேஸ் ஓட்டுவதையே தொழிலாகக் கொண்டவர். புதிதாக ட்ராக்கில் இறங்குபவர் பயந்து முன்கூட்டியே பிரேக் மிதித்து இழக்கும் நேரத்தை எந்த இறக்கையும் மீட்டுத் தராது.

நிஜமாகவே எடை குறைத்த ஆர்எஸ்ஸுக்கு 1973-ஐப் பாருங்கள். அப்போது 911 வரிசையின் காரெரா ஆர்எஸ் 2.7-இன் விலை 34,000 மார்க் (அன்றைய ஜெர்மன் நாணயம்). எடை குறைத்த ஸ்போர்ட் பேக்கேஜுக்கு மேற்கொண்டு 700 மார்க். சொகுசான டூரிங் பேக்கேஜுக்கு 2,500. தயாரான 1,580 கார்களில் ஸ்போர்ட் 200, டூரிங் 1,308! மூன்று மடங்குக்கு மேல் கொடுத்து மெத்தையைத்தான் வாங்கியிருக்கிறார்கள். 960 கிலோ மட்டுமே இருந்த அந்த ஸ்போர்ட்டுக்குத்தான் இன்று ஏலத்தில் அதிக விலை என்பது வேறு கதை.

சரி, உங்கள் விஷயம். ஆஸ்டினில் இருக்கும் சர்க்யூட் ஆஃப் தி அமெரிக்காஸ் ரேஸ் ட்ராக்குக்கு மாதாமாதம் போய், ஜிடி3 போன்ற காரையே எல்லை வரை விரட்டிப் பார்த்தவர் நீங்கள் என்றால் தயங்காமல் ஆர்எஸ் எடுங்கள். அங்கே உள்ள வேகமான வளைவுகளில் கொடுத்த காசு தெரியும். கேள்வியைப் படித்தால் அப்படித் தோன்றவில்லை. ஜிடி3 போதும். மிச்சப் பணத்தில் டயர், பிரேக் பேட், ட்ராக்குக்கான காப்பீடு, பக்கத்தில் உட்கார்ந்து திட்டித் திருத்த ஒரு நல்ல பயிற்சியாளர் என்று சில வருஷம் ஓட்டலாம். எடைதான் முக்கியம் என்றால் கையால் கியர் மாற்றும் ஜிடி3 இருக்கிறது, 2021 கணக்கில் 1,418 கிலோ. ஆர்எஸ்ஸில் அது கிடைக்கவே கிடைக்காது.