பாத்ரூம் ஈரமும் பாத்டப் ஆசையும்

கேள்வி: திருநகரில் சொந்த வீடு, பாத்ரூம் எட்டுக்கு ஐந்து அடி. மூலையெல்லாம் கருப்புப் பூஞ்சை, ஒட்டியிருக்கும் பெட்ரூம் சுவரில் பெயின்ட் உரிகிறது. இதுவரை வாளிக் குளியல்தான். மராமத்தோடு பாத்டப்பும் போடலாம் என்கிறான் மகன், ஷவர் போதும் என்கிறார் வீட்டுக்காரர். எதை வைத்தால் ஈரம் குறையும்?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: எதை வைத்தாலும் குறையாதுங்க. சொல்லப்போனால் வெந்நீர் ஷவர்தான் அதிகம் ஆவி கிளப்பும்.

முதலில் அந்தப் பெட்ரூம் சுவரைப் பாருங்கள். பெயின்ட் உரிந்த இடத்தில் ஒரு அடி பிளாஸ்டிக் கவரை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விட்டுப் பிரியுங்கள். சுவரைத் தொட்டிருந்த பக்கம் வியர்த்திருந்தால் தண்ணீர் சுவருக்குள்ளிருந்துதான் வருகிறது, பைப் கசிவோ டைல்ஸ் இடுக்கோ, அதைச் சரிசெய்யாமல் மேலே பெயின்ட் அடிப்பது வீண் செலவு. உள்பக்கம் காய்ந்திருந்தால் ஆவிதான் காரணமாக இருக்கும்.

ஆவிக்கு எக்ஸாஸ்ட் ஃபேன். ஆனால் நம் வீடுகளில் குளித்துவிட்டு வெளியே வரும்போதே லைட்டோடு சேர்த்து அதையும் அணைத்துவிடுகிறோம், அப்புறம் எப்படிக் காயும்? இன்னும் இருபது நிமிஷம் ஓடட்டும். கதவுக்கு அடியில் முக்கால் அங்குலமாவது சந்து இருக்க வேண்டும், உள்ளே காற்று வந்தால்தானே வெளியே போகும். கொசுவுக்குப் பயந்து வென்டிலேட்டரை அட்டை வைத்து அடைத்திருந்தால் எடுத்துவிட்டு வலை அடியுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் ஈரத் துணியை அங்கேயே காயப்போடாதீர்கள். பூஞ்சைக்கு பிளீச்சிங் பவுடர் கரைசல் போதும், ஆனால் ஆசிட்டை அதோடு சேர்த்து ஊற்றவே கூடாது, குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும்.

இனி குளியல். டப்பை ஒருமுறை நிரப்ப 150 லிட்டருக்குக் குறையாது. ஷவர் எவ்வளவு குடிக்கிறது என்று நீங்களே பார்க்கலாம், அடியில் 20 லிட்டர் வாளியை வையுங்கள், இரண்டு நிமிஷத்தில் நிறைந்தால் நிமிஷத்துக்கு 10 லிட்டர், ஐந்து நிமிஷக் குளியலுக்கு 50. கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் ஊரில் டப் எதற்கு? பத்து நாள் ஆசை, அப்புறம் அழுக்குத் துணி ஊறவைக்கும் தொட்டி ஆகிவிடும். வயதானவர்கள் அதன் விளிம்பைத் தாண்டிக் கால் வைப்பதும் ஆபத்து.

ஆகவே உங்கள் வீட்டுக்காரர் பக்கம்தான் நான். ஒன்று மட்டும், பாத்ரூம் மாடியில் என்றால் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி தலைக்கு மேல் நாலைந்து அடி உயரத்தில்தான் இருக்கும், அந்த அழுத்தத்தில் தட்டு மாதிரி பெரிய ஷவர் சொட்டத்தான் செய்யும். சின்னதாக வாங்குங்கள். போர் தண்ணீர் உப்பில் ஓட்டை அடைத்தால் ராத்திரி முழுக்க வினிகரில் ஊறப்போடுங்கள்.

வாளியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், எண்ணெய்க் குளியலுக்கு அதுதான் சரி. சீயக்காய் வழிந்த தரை வழுக்கும், மறக்காமல் சுவரில் ஒரு கைப்பிடி வையுங்கள்.