அந்த மேல்தளத்தை ஒட்டிவிடாதீர்கள்

கேள்வி: என் அப்பா இந்தியக் கடற்படையில் பாய்லர் அறையில் வேலை பார்த்தவர். 1971 போரின்போது விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலில் இருந்தார். ஊர் திரும்பிய பிறகு நாற்பது ஆண்டுகள் நெட்டி என்ற செடித் தண்டில் கப்பல் கப்பலாகச் செய்தார், இருபத்தாறு இருக்கின்றன. வரும் கார்த்திகையில் முதல் வருடத் திதி. அதன்பின் வீட்டைப் பூட்டி அம்மாவைச் சென்னைக்கு அழைத்துப்போகிறேன், கப்பல்களை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்கிறான் தம்பி. அம்மா வாயே திறப்பதில்லை. மூன்றரை அடி விக்ராந்தின் மேல்தளம் வேறு கழன்றுவிட்டது. உள்ளே நான்கு உருளைகளில் என் மகன் சிவப்பு மையால் கிறுக்கியிருக்கிறான். ஒட்டிச் சரிசெய்து கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாமா?
– ஒரு வாசகி, வலங்கைமான்

பதில்: முதலில் பசையைக் கீழே வையுங்கள், சகோதரி. அந்தத் தளத்தின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். நெட்டி பிய்ந்திருந்தால் பிசிறு தட்டும். கத்தியால் அறுத்திருந்தால் வழவழவென்று இருக்கும். வழவழப்பாக இருந்தால் அது கழன்றதல்ல, கழற்றுவதற்காகவே செய்தது. விக்ராந்தின் நீளம் சுமார் 700 அடி. சரியாக 200இல் ஒரு பங்காக அளந்து செய்த மனிதர், தளத்தை ஒட்ட மறந்திருப்பாரா?

விக்ராந்தில் பாய்லர்கள் நான்கு. போருக்கு முந்தைய ஆண்டே அவற்றில் விரிசல் கண்டிருந்தது. முழு வேகத்தில் ஓட முடியாத நிலையில்தான் கப்பல் வங்கக் கடலுக்குப் போனது. 1971 டிசம்பர் 4 அன்று அதிலிருந்து கிளம்பிய சீ ஹாக் விமானங்கள் இன்றைய வங்கதேசத்தில் உள்ள காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கியதை எல்லோரும் பேசுவார்கள். பாய்லர் அறைக்காரருக்கு அந்த விமானம் கண்ணில் பட்டிருக்காது. அவர் கண் நீராவி அழுத்தம் காட்டும் முள்ளின் மேலேயே இருந்திருக்கும். அந்தச் சிவப்புக் கோடுகளை இன்னொரு முறை பாருங்கள். எனக்கென்னவோ அவை விரிசல்கள் என்றுதான் படுகிறது. அப்படியானால் உங்கள் மகனுக்கு ஓர் ஐஸ்கிரீம் கடன்பட்டிருக்கிறீர்கள்.

அம்மாவிடம் எல்லோரும் “இதையெல்லாம் என்ன செய்வது?” என்றே கேட்டிருப்பீர்கள். அவர் என்ன சொல்வார்? தளத்தைக் கழற்றி அவர் பக்கத்தில் வைத்து, “இது எந்த வருஷம் செய்தது?” என்று கேளுங்கள். ஒருவர் நாற்பது ஆண்டு நெட்டி சீவினால், அந்தச் சீவலை நாற்பது ஆண்டு பெருக்கிய ஒருவரும் அந்த வீட்டில் இருந்திருப்பார். சொல்வதைப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு சீட்டு எழுதி நூலால் கட்டுங்கள்.

தம்பியை நான் குறை சொல்லமாட்டேன். வயதானவரைக் கப்பல்களுக்குக் காவல் வைக்க முடியாது. திதியன்று அத்தனையையும் திண்ணையில் பரப்புங்கள். பேரப்பிள்ளைகள், சொந்தக்காரர்கள், அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் ஆளுக்கொன்று எடுத்துப்போகட்டும். விக்ராந்த் மட்டும் அம்மாவோடு போக வேண்டும்.

கண்ணாடிப் பெட்டி நல்ல யோசனைதான். ஆனால் நெட்டி தண்ணீர்ச் செடியின் தண்டு. ஈரத்தை உறிஞ்சும், வெயில் பட்டால் மஞ்சளாகும். ஈரத்துணி கூடவே கூடாது, மெல்லிய தூரிகை போதும். கொடிமரம் ஏதாவது ஒடிந்திருந்தால் தஞ்சாவூர் நெட்டிக் கலைஞர்களிடம் கொண்டுபோங்கள். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கைவேலை அவர்களுடையது. தளத்தைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள். நல்ல வேலைக்காரர் என்றால் பார்த்ததும் ஒட்டத்தான் கை போகும்.

மூன்றரை அடிக் கப்பலை பஸ்ஸில் கொண்டுபோக முடியாது. தம்பி காரில் வந்தால் பின்சீட்டைக் காலியாக வைக்கச் சொல்லுங்கள். தளத்தைத் தனியே பழைய வேட்டியில் சுற்றி அம்மா மடியில் கொடுத்துவிடுங்கள்.