பூனைக்கு டிபி வந்தால் ஊசி போட்டு அனுப்பிவிடுவதுதான் வழியா?

முகத்தில் ஆறாத புண், டாக்டர் டிபி என்கிறார், கருணைக்கொலை ஊசி போட்டுத் தூங்க வைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் ஆளாளுக்கு ஒன்று சொல்லிக் குழப்பியிருப்பார்கள். நான் டாக்டர் இல்லை. எங்கள் பூனை முத்துவுக்கு வந்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தில், வில்ட்ஷயர் பக்கம். முத்து வயலெலி பிடிக்காத நாளில்லை. கன்னத்தில் பட்டாணி அளவுக் கட்டி வந்தது. எலி கடித்த சீழ்க்கட்டி என்று இரண்டு முறை ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். வற்றும், மறுபடி உடையும். தாடைக்கு அடியில் நெறி கட்டிய பிறகு வேறொரு டாக்டர்தான் சதையைக் கிள்ளிப் பயாப்சிக்கு அனுப்பினார். சாயமேற்றிப் பார்த்ததில் கிருமி தெரிந்தது, எந்த வகை என்று தெரியவில்லை. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு மாதக்கணக்கில் ஆகும். அதனால் டிபி கிருமிக்கு உடல் காட்டும் எதிர்வினையைப் பார்க்கும் இன்டர்ஃபெரான் காமா ரத்தப் பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்ரே, கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். கடைசியில் மைக்ரோட்டி என்று வந்தது, எலிகளிடம் இருக்கும் வகை. மாட்டு டிபியான போவிஸ் என்றால் கவலை அதிகம். அந்த வகைதான் 2013 வாக்கில் இங்கிலாந்தின் நியூபரி ஊர்ப் பக்கம் 9 பூனைகளுக்கு வந்து, மனிதர்கள் இரண்டு பேருக்கும் தொற்றியது.

மருந்து மூன்று: ரிஃபாம்பிசின், அசித்ரோமைசின், பிராடோஃப்ளாக்சசின். ஆறு மாதம், ஒரு நாள் விடாமல். துண்டில் சுருட்டி, தலை மட்டும் வெளியே இருக்க, கையுறை போட்டுக்கொண்டு கொடுப்பேன். முத்து துப்பிய ரிஃபாம்பிசினால் சமையலறைத் திரைச்சீலையில் விழுந்த செங்கல் நிறக் கறை இன்னும் போகவில்லை. நடுவே ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை வேறு.

பூனைக்குப் போய் இவ்வளவு செலவா என்று பின்னூட்டம் போட வருபவர்களுக்கு: பணம் என்னுடையது. நுரையீரல் முழுக்கப் பரவியிருந்தாலோ, வீட்டில் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இருந்தாலோ ஊசிதான் சரி என்பதை நான் மறுக்கவில்லை.

என் நாத்தனார் அந்த ஆறு மாதமும் எங்கள் வீட்டுப் படியேறவில்லை. சரி, பயம் என்று விட்டுவிடலாம். ஆனால் அதற்கு முந்தின வருடம் என் பெண்ணின் பிறந்தநாளுக்கு இருமிக்கொண்டே வந்து, கேக்கையும் ஊதிவிட்டுப் போனவர் அவர்தான். அதைச் சொன்னால் நான் பொல்லாதவள்.

முத்துவுக்குக் கன்னத்தில் ஒரு இடத்தில் மட்டும் முடி முளைக்கவில்லை. நீங்கள் முதலில் எந்த வகைக் கிருமி, நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தாயிற்றா என்று டாக்டரிடம் கேளுங்கள். அதுவரை புண்ணை வெறுங்கையால் தொடாதீர்கள், பூனையை வெளியே விடாதீர்கள்.