நுழைவுத் திரையில் உள்ள பவர் பொத்தானை மறைக்க

வணக்கம் நண்பரே. கடையின் முதன்மைக் கணினியை யாரோ கடவுச்சொல் திரையிலேயே அணைத்துவிடுவதால் மற்ற இரண்டு பில் கணினிகளும் நின்றுபோகின்றன என்று எழுதியிருந்தீர்கள். வலது கீழ்மூலையில் தெரியும் அந்தப் பவர் பொத்தானை மறைத்துவிடலாம்.

உங்களுடையது விண்டோஸ் புரோ என்றால் வேலை எளிது. தொடக்கப் பட்டியலில் ‘லோக்கல் செக்யூரிட்டி பாலிசி’ என்று தேடித் திறந்து, ‘லோக்கல் பாலிசீஸ்’, அதனுள் ‘செக்யூரிட்டி ஆப்ஷன்ஸ்’ செல்லுங்கள். ‘ஷட்டவுன்’ என்று தொடங்கும் வரிகளில், உள்நுழையாமலே கணினியை அணைக்க அனுமதிக்கும் வரியை ‘டிசேபிள்டு’ ஆக்குங்கள்.

ஹோம் பதிப்பில் இந்தக் கருவி கிடையாது. விண்டோஸின் உள் அமைப்புகளை மாற்ற உதவும் ‘ரெஜிஸ்ட்ரி எடிட்டர்’ என்ற கருவிதான் வழி; அதையும் தொடக்கப் பட்டியலில் தேடித் திறக்கலாம். தயவுசெய்து முதலில் ‘எக்ஸ்போர்ட்’ செய்து ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் அதை விட்டுவிட்டு ஒருமுறை நான் அரைநாள் தவித்திருக்கிறேன். பிறகு லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரண்ட்வெர்ஷன், பாலிசீஸ், சிஸ்டம் என்று வரிசையாக இறங்குங்கள். வலப்பக்கம் ‘ஷட்டவுன்வித்தவுட்லாகான்’ என்று சேர்த்தெழுதிய பெயர் இருக்கும். அதன் மதிப்பு 1. அதை 0 ஆக்கிவிட்டுக் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். பக்கத்தில் இருக்கும் வேறு எதையும் தொடவேண்டாம்.

கணினிப் பெட்டியின் முகப்பில் உள்ள பவர் பொத்தானை இது கட்டுப்படுத்தாது. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் சென்று, அதை அழுத்தினால் ‘டு நத்திங்’ என்று அமையுங்கள். அப்போதும் சில நொடிகள் விடாமல் அழுத்தினால் அணைந்துவிடும். ஆகவே பெட்டியைக் கை எட்டாத இடத்தில் வைப்பது நல்லது. உள்நுழைந்த பிறகு நீங்கள் வழக்கம்போல் அணைத்துக்கொள்ளலாம்.