வெளிநாட்டு முகாமையாளரின் இடத்துக்கு உள்ளூர் அலுவலர்: கையளிப்பை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: கொழும்பு கோட்டையில் இயங்கும் பன்னாட்டுக் கம்பனியொன்றில் மனிதவள முகாமையாளராக இருக்கிறேன். எமது வெளிநாட்டு நிதிப் பணிப்பாளரின் ஒப்பந்தம் மார்ச் மாதத்துடன் முடிகிறது. பத்து வருடம் எம்மோடு பணியாற்றிய கணக்காளரையே அப்பதவியில் அமர்த்தும்படி தலைமையகம் கூறுகிறது. எதில் தொடங்குவது?

பதில்: ஒப்புதல் அதிகாரத்தில் தொடங்குங்கள். முன்னர் நான் பணியாற்றிய ஓரிடத்தில், வெளிநாட்டவர் புறப்பட்ட மறுநாளே கதவிலிருந்த பெயர்ப்பலகை மாறியது. ஆனால் அவர் தாமே கையொப்பமிட்டு விடுவித்த தொகைகளுக்கு, புதியவர் சிங்கப்பூரிலிருந்த தலைமையகத்தின் மின்னஞ்சல் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை அந்த மின்னஞ்சல் வராமற்போகவே, எமது கொள்கலன் திங்கள்வரை துறைமுகத்தில் கிடந்து தாமதக் கட்டணம் ஏறியது. அதன்பின் சுங்க முகவர் எமது முகாமையாளரை விட்டுவிட்டு நேரே சிங்கப்பூருக்கே எழுதத் தொடங்கினார். திறமையான ஒருவரின் மதிப்பு அப்படிக் குறைந்துபோவதைப் பார்ப்பது வேதனை. ஆகவே, இப்போதைய பணிப்பாளருக்குள்ள ஒப்புதல் எல்லை அப்படியே கணக்காளருக்கும் உண்டு என்பதைத் தலைமையகத்திடமிருந்து எழுத்தில் பெற்ற பின்னரே நியமனக் கடிதத்தைத் தயாரியுங்கள்.

மார்ச் 31 இல் வரி மதிப்பாண்டும் முடிவதால், கடைசி மாதத்துக்குக் கையளிப்பை ஒத்திவைக்க வேண்டாம். டிசம்பர் காலாண்டுக் கணக்கைக் கணக்காளரே முடித்து, தலைமையகத்தின் கேள்விகளுக்கும் அவரே பதில் சொல்லட்டும். பணிப்பாளர் அருகில் இருந்தால் போதும்.

சம்பள விடயத்தில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. வெளிநாட்டவரின் வீட்டு வாடகை, பிள்ளைகளின் பாடசாலைக் கட்டணம், விமானச் சீட்டு ஆகியவற்றைத் தலைமையகம் முழுச் சேமிப்பாகவே கணக்கிடும். ஆனால் சேவையிலிருந்து விலகும்போது வழங்கும் பணிக்கொடைக்கு, 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, ஒவ்வொரு சேவை வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் இறுதியாகப் பெற்ற சம்பளத்தின் அடிப்படையிலேயே கணிக்கப்படுவதால், இன்று வழங்கும் உயர்வு கணக்காளரின் கடந்த பத்து வருடங்களுக்காகக் கம்பனி கொடுக்க வேண்டிய தொகையையும் சேர்த்தே உயர்த்தும். சம்பளத்தில் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதமும் கம்பனி செலுத்த வேண்டும். இவற்றையெல்லாம் முன்கூட்டியே வரவுசெலவுத் திட்டத்தில் காட்டி, பதவிக்குரிய சம்பளத்தையே கேளுங்கள். உள்ளூரவர் என்பதற்காகக் குறைத்துப் பேசுவது அநீதி என்றே கருதுகிறேன்.

அவர் பணிப்பாளர் சபையிலும் அமர்வதாயின், மாற்றத்தை 20 வேலைநாட்களுக்குள் கம்பனிப் பதிவாளருக்கு அறிவிக்க வேண்டும். வங்கிக் கையொப்பதாரர் மாற்றத்துக்குச் சபைத் தீர்மானமும் தேவை.

அவர் விட்டுச்செல்லும் கணக்காளர் பதவிக்கான ஆளையும் இப்போதே தேடுங்கள். இல்லையேல் ஏப்ரலில் அவர் இரண்டு கதிரைகளின் வேலையையும் பார்த்துக்கொண்டிருப்பார்.