தனிமனித விழிப்பு ஊரை மாற்றுமா?

ஒருவர் தன் உள்ளத்தை உயர்த்திக்கொண்டால் ஊருக்கு என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள். வடலூருக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். 1867-ல் வள்ளலார் தொடங்கிய தருமசாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. சாதி, மதம் கேட்காமல் பசித்து வந்தவருக்குச் சோறு போடுகிறார்கள். பிற உயிரின் துன்பம் கண்டு உருகும் ஜீவகாருண்யமே வீடுபேற்றின் திறவுகோல் என்றார் அவர். முதலில் தியானம், அப்புறம் தொண்டு என்று அவர் பிரிக்கவில்லை.

அதே வடலூரில் 1872-ல் திறந்த ஞானசபை என்னும் வழிபாட்டு மண்டபத்தில் ஏழு திரைகள். தைப்பூசத்தன்று அவை விலக, ஜோதி தெரியும். நம் அறியாமைத் திரைகளைத்தான் அவை குறிக்கின்றன. சரி, அவை எப்படி விலகும்? எனக்குத் தெரிந்து, அந்த அடுப்படியில்தான் முதல் திரை விலகுகிறது.